ஆணியில் தொங்கிய விசில்

மால்ட்டாத் தீவின் பிர்கு துறைமுகத்தில் ஆண்டுதோறும் பழங்காலக் கடற்போரை நடித்துக் காட்டுவார்கள். அதில் துடுப்புக் கப்பலின் தலைவனாக நிற்கவேண்டும் என்று சல்வுவுக்கு அப்படியொரு வெறி. முப்பது வருடம் பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். ஆனால் மூன்று வருடமாகக் கைதி வேஷம்தான். காலில் சங்கிலி, கையில் துடுப்பு.

பயிற்சி கொடுப்பவள் ஜூசா. சல்வுவைவிட இருபது வயது இளையவள். ஒத்திகையிலும் சங்கிலியைப் பூட்டித்தான் ஆகவேண்டும் என்பாள். பூட்டாத கால் பொய் சொல்லுமாம்.

திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது சல்வு மறுபடி அவள் முன்னால் போய் நின்றார்.

“எங்கிட்ட என்ன குறை மாஸ்டர்? இன்னைக்குச் சொல்லாம விடமாட்டேன்.”

“கொட்டகையில ஆணியில தொங்குறதை எடுத்துட்டு வாங்க. இன்னைக்கு நீங்கதான் தலைவர்.”

சல்வுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் விசிலை எடுத்து வந்தார்.

அடடா, என்ன ஓட்டம்! அவர் ஊத ஊத இருபத்து நாலு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. கோட்டை முனையில் கப்பல் அழகாகத் திரும்பியது. சல்வுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூசா குனிந்து, கப்பலின் அடித்தட்டு ஓட்டையை அடைத்திருந்த தக்கையைப் பிடுங்கினாள். தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது.

“கப்பல் முழுகுது. என்ன செய்வீங்க தலைவரே?”

“வாளியை எடுங்க! கரைக்குத் திருப்புங்க!”

“கரை எட்டலைன்னா?”

“எல்லாரும் குதிங்க!”

யாரும் அசையவில்லை. மூன்று வருடம் அவர் பக்கத்திலேயே துடுப்பு வலித்த லேலி, சங்கிலிக் காலைத் தூக்கிக் காட்டினான்.

“எப்படிக் குதிக்கிறது சல்வு?”

சல்வு இடுப்பைத் தடவினார். சட்டையைத் தடவினார். விசில் தொங்கிய அதே ஆணியில்தான் சாவியும் தொங்கியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஜூசா தக்கையை அடித்து இறுக்கினாள்.

கரை சேர்ந்ததும் சல்வு சாவியை எடுத்து வந்து, முட்டி போட்டு, ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார். வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனாலும் கடைசிப் பூட்டைத் திறந்துவிட்டு நிமிர்ந்தார்.

“நாளைக்கு இன்னொரு தடவை பார்க்கலாமா மாஸ்டர்?”

“ஆணியில தொங்குறதை எடுத்துட்டு வாங்க.”

மறுநாள் காலை, எல்லோருக்கும் முன்னால் சல்வு கப்பலில் இருந்தார். ஒவ்வொருவர் பூட்டிலும் சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார். லேலியின் பூட்டில் துரு இருந்தது, எண்ணெய் விட்டார். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் தலைவன் நிற்கும் பலகையில் ஏறினார்.

கை வாய்வரை போய் நின்றது.

“ஐயையோ! விசிலை மறந்துட்டேன் மாஸ்டர்.”

மூன்று வருடத்தில் முதல்முறையாக ஜூசா சிரித்தாள்.

“அது கிடக்குது, விடுங்க. வாயால சொல்லுங்க, வலிப்பாங்க.”