தாளில் இல்லாத கேள்வி

ஓசூரில் ஒரு மாடி அறையில் ஜப்பானியப் பேச்சு சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவள் ஜெபசீலி. தூத்துக்குடிக்காரி, வயது இருபத்தேழு, நாலு வருஷம் ஜப்பானில் வேலை பார்த்துத் திரும்பியவள். படிக்க வந்தவர்களில் மூத்தவள் தெய்வானை. பதினைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவள், வயது முப்பத்தொன்பது. ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுத்தார்கள். நாற்பது தாண்டினால் அந்த இல்லம் எடுக்காது. தெய்வானைக்கு இன்னும் இரண்டே மாதம்தான் பாக்கி. இதை விட்டால் அவளுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடையாது.

ஏஜென்ட் புருஷோத்தமன் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்திருந்தார். இடது பக்கம் நேர்முகத்தில் கேட்கப்போகும் நாற்பது கேள்விகள், வலது பக்கம் பதில்கள். தெய்வானை பதில்களை மட்டும் நெட்டுரு போட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் வகுப்பில் ஜெபசீலி கேள்வி கேட்டுப் பழகச் சொன்னால் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். என்ன செய்வது, அவ்வளவு பிடிவாதக்காரி.

அங்கே டீச்சரை சென்செய் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருநாள் தெய்வானை நேராகவே கேட்டுவிட்டாள்.

"சென்செய், கேக்கப்போறது அவங்க. பதில் சொல்லப்போறது நான். எனக்கு எதுக்குக் கேள்வி?"

ஜெபசீலி கத்தரிக்கோலை எடுத்து அந்தத் தாளை நெட்டுவாக்கில் இரண்டாக வெட்டினாள். பதில் பக்கத்தைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். கேள்விப் பக்கத்தைத் தெய்வானையிடம் நீட்டினாள்.

"நீங்க கேளுங்க அக்கா. நான் சொல்றேன்."

தெய்வானைக்குக் கோபம் தலைக்கேறியது. நேர்முகத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை, இவளுக்கு விளையாட்டா என்று நினைத்தாள். வேண்டாவெறுப்பாக முதல் கேள்வியைப் படித்தாள். உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர்? நாலு பேர், அதில் ஒருவர் என்னோடு பேசுவதில்லை என்று ஜெபசீலி ஜப்பானிய மொழியில் சொன்னாள். தெய்வானை இரண்டாவது கேள்விக்குப் போனாள். ஜெபசீலி கையை நீட்டி மறித்தாள். ஒருவர் பேசுவதில்லை என்கிறேன், அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளாமல் அடுத்ததுக்குத் தாவினால் எப்படி என்றாள்.

அதற்கான கேள்வி தாளில் இல்லை. தெய்வானை திகைத்துப்போனாள். இத்தனை வருஷமாக டாக்டர் கேட்டார், நர்ஸ் கேட்டார், வீட்டில் புருஷன் கேட்டான். எல்லோருக்கும் பதில் சொல்லியே அவளுக்குப் பழக்கம். யாரையும் நிறுத்தி, ஏன் என்று ஒரு தடவை கேட்டதில்லை. அதை நினைத்ததும் அழுகை வந்தது, கூடவே ஒரு வீம்பும் வந்தது. ஏன் பேசுவதில்லை என்று தட்டுத்தடுமாறிக் கேட்டாள். ஜெபசீலி சொன்னாள். தெய்வானை அதிலிருந்து இன்னொன்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க இருவரும் இரண்டாவது கேள்விக்கு வரவே இல்லை.

நேர்முகம் சனிக்கிழமை காலை, கம்ப்யூட்டரில் நடந்தது. திரையில் இல்லத்தின் நிர்வாகியான ஒரு ஜப்பானிய அம்மாள். முப்பத்தொன்பது கேள்விகளுக்கும் தெய்வானை மடமடவென்று பதில் சொன்னாள். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். நாற்பதாவதாக, கடைசியாக, எங்களிடம் நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றாள்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் நின்ற புருஷோத்தமன் இல்லை என்று அவசரமாகக் கையை ஆட்டினார். தாளில் அதற்கு இருந்த பதிலும் அதுதான். கேட்க ஒன்றுமில்லை, நீங்கள் சொன்னபடி நடக்கிறேன். நம்மூரில் அதற்குப் பேர்தானே மரியாதை.

தெய்வானை இரண்டு ஆஸ்பத்திரிகளை விட்டு வந்தவள். ஏன் போகிறாய் என்று இரண்டு இடத்திலும் ஒரு ஆள் கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார்?"

அந்த அம்மாள் கையிலிருந்த தாள்களைப் புரட்டினாள். பக்கத்தில் இருந்த யாரையோ பார்த்தாள். அப்புறம், நேரமாகிவிட்டது, நன்றி என்று குனிந்து வணங்கினாள். திரை அணைந்துவிட்டது.

திங்கட்கிழமை தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. தெய்வானை பேர் அதில் இல்லை. புருஷோத்தமன் வாய்க்கு வந்தபடி ஏசினார். கையில் கிடைத்ததைக் கெடுத்துக்கொண்டாயே என்றார். அவள் மாடியேறிப் போய் ஜெபசீலி முன்னால் நின்றாள்.

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் எனக்கு வேலை போச்சு சென்செய். நான் தோத்துட்டேன்."

"நீங்க கேட்டதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

"அப்படின்னா அக்கா, பதில் சொல்ல முடியாம முழிச்சது யாரு?"