ஒரு போர்வையும் ஒரு வாஷிங் மெஷினும்

ஒரு காட்டில் வாஷிங் மெஷின் வைத்திருந்த கரடி ஒன்று இருந்தது, குழந்தைகளே. ஆனால் துவைக்க அதனிடம் துணிகள் இல்லை. ஒரே ஒரு போர்வைதான் இருந்தது.

அந்தப் போர்வையைக் கரடி தினமும் துவைத்தது. அழுக்கானதற்காக அல்ல, மெஷின் ஓடும் சத்தம் காடு முழுவதும் கேட்க வேண்டும் என்பதற்காக.

கரடியின் குகை மலைச்சரிவில் இருந்தது. அருவித் தண்ணீர் மூங்கில் வழியாகக் குகைச் சுவரிலிருந்த குழாய்க்கு வரும். அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய் மெஷினுக்குப் போகும். குகைக்கு நேர் கீழே ஒரு வளையில் முள்ளம்பன்றி தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. அவை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன.

ஒரு காலையில் முள்ளம்பன்றி மேலே ஏறி வந்தது.

"கரடியாரே, எங்கள் கூரை சொட்டுகிறது. உங்கள் ரப்பர் குழாயின் இணைப்பு தளர்ந்திருக்கும். கொஞ்சம் இறுக்கிவிடுங்கள்."

கரடி சிரித்தது. "இது எப்பேர்ப்பட்ட மெஷின் தெரியுமா? இதெல்லாம் ஒழுகாது. உங்கள் கூரைதான் மட்டமான கூரை."

"சரி, துவைத்து முடித்ததும் தண்ணீரையாவது நிறுத்தி வையுங்களேன்."

"நிறுத்தினால் மறுநாள் மறுபடி திறக்க வேண்டுமே!" என்றது கரடி.

முள்ளம்பன்றி போய்விட்டது. கரடி போர்வையை மெஷினில் போட்டு ஓடவிட்டது. பிறகு சரிவில் இறங்கிப் போய் யானையைக் கூப்பிட்டது. அந்த யானைக்கு யார் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசத் தெரியாது.

"கேட்கிறதா, யானையாரே? தடதட என்று! நம் வீட்டில்தான்."

"ஆமாம், ஆமாம். நன்றாகக் கேட்கிறது."

திடீரென்று மேலே 'டப்' என்று ஒரு சத்தம்.

"அது என்ன?" என்று யானை கேட்டது.

"புது மாதிரி மெஷின் அல்லவா? அடுத்த வேலைக்குப் போகிறேன் என்று நமக்குச் சொல்கிறது."

"இப்போது தண்ணீர் கொட்டுவது போல..."

"அலசுகிறது. அலசுவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை."

இரண்டும் கண்ணை மூடி அந்தச் சத்தத்தை ரசித்தன. குகை வாசலிலிருந்து நுரை வழிந்து வந்து கரடியின் காலை நனைத்தது. அப்போதுதான் கரடி கண்ணைத் திறந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தால் குகைக்குள் வெள்ளம். கரடியின் புல்மெத்தை மிதந்துகொண்டிருந்தது.

"ஐயையோ! அருவி உடைத்துக்கொண்டு வந்துவிட்டது!" என்று கரடி அலறியது.

"மெஷினுக்குப் பின்னாலிருந்து வருவது போல..." என்று யானை இழுத்தது.

"மெஷினைக் குறை சொல்லாதீர்கள்! துதிக்கையால் உறிஞ்சி வெளியே ஊற்றுங்கள்!"

"ஆகட்டும்" என்றது யானை.

யானை உறிஞ்சி உறிஞ்சி வாசலுக்கு வெளியே ஊற்றியது. கரடி போர்வையை மெஷினிலிருந்து இழுத்துத் தரையைத் துடைத்தது. அன்றுதான் அந்தப் போர்வை முதல்முறையாக அழுக்கானது.

"இறைக்க இறைக்கக் குறையவில்லையே!"

"இன்னும் வேகமாக இறையுங்கள்!"

வாசலில் ஊற்றிய தண்ணீர் சரிவில் ஓடி நேராக முள்ளம்பன்றியின் வளைக்குள் இறங்கியது. இரை தேடப் போயிருந்த தாய் திரும்பி வந்தபோது வளைக்குள் மார்பளவு தண்ணீர். ஒரு குட்டியைக் கவ்வி வந்து மேட்டில் வைத்தது. மறுபடி இறங்கி இன்னொன்றைக் கவ்வி வந்தது. மூன்றாவது குட்டியின் மூக்கு நுனி மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து அதையும் இழுத்து வந்தது. அது இருமியது; பிறகு வீரிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் தாய்க்கு உயிர் வந்தது.

நடுங்கிய குட்டிகளைத் தாய் ஒவ்வொன்றாகக் குகைக்குத் தூக்கி வந்தது. அங்கே ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூன்றையும் மெஷினின் தலையில் உட்கார வைத்தது. பிறகு பின்பக்கம் போய், கழன்று கிடந்த ரப்பர் குழாயைத் தாண்டி, சுவரிலிருந்த குழாயைத் திருகி மூடியது.

தண்ணீர் நின்றது.

யானை துதிக்கையைத் தொங்கவிட்டது. கரடி நெஞ்சை நிமிர்த்தியது.

"பார்த்தீர்களா? கோளாறு மெஷினில் இல்லை, குழாயில்தான்!"

"உண்மைதான், கரடியாரே" என்றது முள்ளம்பன்றி. "உங்கள் மெஷின் நல்ல மெஷின். என் வளை காயும்வரை நாங்கள் இங்கேயே தங்குகிறோம். வாஷிங் மெஷின் இருக்கும் வீட்டில் வாழ என் பிள்ளைகளுக்கும் கொடுத்து வைத்திருக்கிறது."

கரடி திடுக்கிட்டது. "நீங்களே சொல்லுங்கள், யானையாரே, இது நியாயமா?" என்று உதவிக்கு யானையைப் பார்த்தது.

முள்ளம்பன்றியும் யானையைப் பார்த்தது. "நியாயம்தானே, யானையாரே?"

"ஆமாம், ஆமாம்" என்றது யானை.

குகை காய்ந்ததும் கரடி அவர்களோடு படுத்துப் பார்த்தது. தாய் தூக்கத்தில் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டது. அலறிக்கொண்டு வெளியே ஓடிய கரடி, அதன்பின் மரத்தடியிலேயே படுத்தது.

"என்ன கரடியாரே, வெளியே படுக்கை?" என்று வருவோர் போவோர் எல்லாம் கேட்டார்கள்.

"உள்ளே ஒரே புழுக்கம். காற்று வாங்குகிறேன்" என்றது கரடி, மழையில் நனைந்துகொண்டே.

அந்த வளை காய்வதற்கு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

நீதி: தன் தவற்றைப் பார்க்க மறுப்பவன் குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைக்கிறான்.