முதுகுப் பக்கம்

சங்கமித்திரையிடம் தொழில் கற்க வந்தவர்களில் இளம்பரிதி ஒருவர்தான் அவரைவிட வயதில் மூத்தவர். கோவையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், யார் எத்தனை வயதில் சாவார்கள் என்று பல வருடம் கணக்குப் பார்த்தவர். இப்போது அமெரிக்காவின் வடக்கே, பெரிய ஏரிக்கரை நகரம் ஒன்றில், ஹெரன்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், சங்கமித்திரையின் கீழ், யார் ஜெயிப்பார்கள் என்று கணக்குப் பார்க்கிறார்.

"மேடம் எல்லாம் வேண்டாம், பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று சங்கமித்திரை பல தடவை சொல்லிவிட்டார். இளம்பரிதிக்கு வாய் வரவில்லை. குருவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா?

அந்த ஆட்டத்தில் பந்தை எறிபவன் ஒருவன். எறிவதற்கு முன், தூரத்தில் ஓடும் தன் கூட்டாளியையே பார்த்தபடி அவன் சில நொடி நிற்கவேண்டும். வலது கையால் எறிபவனுக்கு இடது பக்கம் முதுகாகிவிடும். அந்தப் பக்கமாகப் பாய்ந்து வந்து அவனைச் சாய்ப்பதற்கென்றே எதிரணியில் மலைபோல் ஆட்கள் உண்டு. அவர்களைத் தடுக்க அங்கே ஒரு காவல்காரன் நிற்பான்.

ஹெரன்ஸின் காவல்காரனுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. மாற்று ஆள் வெஸ்லி இந்த வருடம்தான் கல்லூரியிலிருந்து வந்தவன். பலசாலி, ஆனால் கால் மந்தம்.

பந்தை எறிபவன் பெயர் டேரியஸ். சீசனின் நடுவில் தலையில் அடிபட்டுச் சில வாரம் ஆடாமல் இருந்தான். அடிபட்ட அன்று தன் மகளின் பெயர் அவனுக்கு நினைவுக்கு வரவில்லையாம். அணியில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் பேசுவதில்லை.

வரும் ஞாயிறு லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பிளேஆஃப் என்ற அடுத்த சுற்றுக்குப் போகலாம். தோற்றால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

பயிற்சியாளர் பிரானிகன் கேட்டது ஒரே கேள்வி. டேரியஸை இறக்குவதா, அவனுக்குப் பதிலாகப் பந்தெறிய இன்னொருவனை இறக்குவதா? இளம்பரிதி கணக்குப் போட்டார். டேரியஸ் ஆடினால் ஜெயிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. அந்த இன்னொருவன் ஆடினால் முப்பத்தொன்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய வேலையின் பழக்கம் விடவில்லை. யாரும் கேட்காத இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தார். விடையைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிட்டார்.

சங்கமித்திரை தன் மேசையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க பரிதி."

"கேக்காத கேள்விக்கு நாம பதில் சொல்லலாமா?"

"என்ன பதில் வச்சிருக்கீங்க?"

"முதுகுப் பக்கம் வெஸ்லி நின்னா, டேரியஸுக்குத் தலையில மறுபடியும் பலமா அடிபட அஞ்சுல ஒரு வாய்ப்பு இருக்கு."

சங்கமித்திரையின் கை நின்றது.

"கணக்கு சரிதானா?"

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன்."

"அப்புறம் என்ன?"

"பயமா இருக்கு மேடம். நான் சொல்லி, அதனால அவரை உக்கார வச்சு, ஆட்டம் தோத்துட்டா என் தலைதான் உருளும். வேலை போனா விசாவும் போயிடும். பொண்ணுங்க ரெண்டு பேரும் இப்பத்தான் பள்ளிக்கூடத்துல ஒட்டிக்கிட்டாங்க."

"சொல்லாம விட்டு, அவருக்கு அடிபட்டா?"

"என்னை யாரும் கேக்க மாட்டாங்க மேடம். என்கிட்ட கேட்டது ஜெயிக்கிறதைப் பத்தி மட்டும்தானே."

சங்கமித்திரை உரித்த சுளைகளை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

"கோட்டைப் போட்டுக்கிட்டு வாங்க."

பயிற்சி முடிந்து மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. பனியை வழித்து ஓரங்களில் குவித்திருந்தார்கள். எதிராளியைச் சாய்க்கும் வேலைக்காக அணியில் இருந்த கோல்பி மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். சங்கமித்திரை அவனிடம் போய் ஏதோ சொன்னார். அவன் இளம்பரிதியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

இளம்பரிதியின் தலையில் ஒரு ஹெல்மெட். கையில் ஒரு பந்து. தூரத்தில் ஓர் ஆரஞ்சு நிறக் கோன்.

"அந்தக் கோனையே பாருங்க. திரும்பக் கூடாது. எறியவேண்டிய நேரம் வந்ததும் எறியுங்க."

"பின்னால அவர் வருவாரா?"

சங்கமித்திரை விலகிப் போனார்.

இளம்பரிதி கோனைப் பார்த்தார். ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு காலடிச் சத்தம். குளிரில் இறுகிப்போன தரை என்பதால் அந்த அதிர்வு காதுக்கு முன் உள்ளங்காலுக்கு வந்துவிட்டது. எங்கிருந்து, எவ்வளவு தூரத்தில், ஒன்றும் புரியவில்லை. கோன் கண்ணிலிருந்து மறைந்தது. மைதானம் மறைந்தது. முதுகு மட்டும்தான் இருந்தது. பந்து எப்போது கையைவிட்டு நழுவியது என்று அவருக்குத் தெரியவில்லை. தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

கோல்பி ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டிருந்தான். மன்னிப்புக் கேட்டு அவரைத் தூக்கிவிட்டான்.

"எறியச் சொல்லி நீங்க குரல் கொடுப்பீங்கன்னு நெனச்சேன் மேடம்." இளம்பரிதியின் பற்கள் தந்தியடித்தன.

"அங்க யாரும் குரல் கொடுக்க மாட்டாங்க."

அன்று மாலையே இளம்பரிதி அந்த இரண்டாவது கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு பிரானிகனின் அறைக்குப் போனார். பிரானிகன் தாளைப் படித்தார்.

"நான் இதைக் கேட்டேனா?"

"இல்லை."

"ஐந்தில் நான்கு முறை ஒன்றும் ஆகாது. அப்படித்தானே?"

இளம்பரிதி கதவைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். பக்கத்தில்தான் இருந்தது.

"ஐந்தில் ஒரு முறை ஆகும்."

பிரானிகன் போனை எடுத்து டேரியஸை வரச் சொன்னார். "மருத்துவர்கள் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் நீயே முடிவு செய்" என்று தாளை அவன் கையில் கொடுத்தார்.

டேரியஸ் நின்றபடியே படித்துவிட்டு இளம்பரிதியிடம் திரும்பினான்.

"அந்த ஒன்று இந்த ஞாயிறுதானா, சார்?"

"தெரியாது."

"யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

டேரியஸ் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "இந்த மாதிரி ஓர் அணி எனக்கு இன்னொரு தடவை அமையாது. ஆடுகிறேன்" என்றான். போகும்போது இளம்பரிதியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். கை ஈரமாக இருந்தது. தன் வியர்வைதான் என்று முதலில் நினைத்தார். பேண்ட்டில் துடைத்துக்கொள்ளும்போதுதான், அவ்வளவும் தன்னுடையது இல்லை என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. உயரத்தில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இளம்பரிதி ஆட்டம் பார்த்தார். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். அவர் டேரியஸின் முதுகைப் பார்த்தார்.

வெஸ்லி முதல் பாதியில் தாக்குப்பிடித்தான். இரண்டாம் பாதியில் ஒருமுறை கால் வழுக்கிவிட்டது. அவனைத் தாண்டி எதிரணிக்காரன் ஒருவன் போனான். டேரியஸ் தூரத்தில் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அரங்கமே கத்தியது. அவனுக்கு அது கேட்டிருக்காது.

அவன் விழுந்தான். எழவில்லை.

இளம்பரிதி கண்ணை மூடிக்கொண்டார். மருதமலை முருகா என்று ஒரு சொல் தானாக வந்தது. கண்ணைத் திறந்தபோது டேரியஸ் ஒரு முழங்காலில் இருந்தான். பிறகு எழுந்து நின்றான். மருத்துவர் ஓடிப்போய் அவனை ஓரத்துக்குக் கூட்டிப்போனார். கேள்விகள் கேட்டார். டேரியஸ் பதில் சொன்னான். திரும்பி வந்து ஆடினான்.

கடைசி நிமிடத்தில் அவன் எறிந்த பந்து ஹெரன்ஸை ஜெயிக்க வைத்தது.

கண்ணாடி அறையில் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். யாரோ இளம்பரிதியின் முதுகில் தட்டினார்கள். அவர் துள்ளி விழுந்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. சங்கமித்திரையைத் தேடிப் போனார்.

சங்கமித்திரை வீடியோ அறையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிளேஆஃபில் மோதப்போகும் அணியின் பழைய ஆட்டம் ஒன்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், அவருக்கு ஒண்ணும் ஆகலை."

"பார்த்தேன்."

"இத்தனை நாளா வீணாப் பயந்துட்டேன். ஜெயிச்சுட்டோம் மேடம். பிளேஆஃப் போறோம்."

சங்கமித்திரை பக்கத்து நாற்காலியை அவருக்காக இழுத்துப் போட்டார்.

"ஆமா, ஜெயிச்சுட்டோம்" என்றார். "அதனால அடுத்த ஞாயிறும் டேரியஸ் அங்கதான் நிக்கணும்."