ஒப்படைக்காத காவல்

"தூக்கம் வரமாட்டேங்குது, மதர்."

ஜெசிந்தா கைப்பிள்ளையோடு வாசலில் நின்றாள். மலையடிவாரத்து மடத்தில் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகிப் போனபிறகு இப்போதுதான் வருகிறாள்.

மதர் உபகாரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எத்தனை ராத்திரியா?"

"இருபது."

"பிள்ளைக்கு என்ன வயசு?"

"முப்பத்தோரு நாள். பால் வத்திப்போச்சு, மதர். நீ தூங்கினாத்தான் ஊறும்னு டாக்டரம்மா சொல்றாங்க. கண்ணை மூடுறேன். தானா திறந்துக்குது."

"ஜெபமாலை சொல்லிப் பார்த்தியா?"

"ஐம்பத்துமூணு மணியும் சொன்னேன். முடிக்கும்போது முன்னைவிட நல்லா முழிப்பு வருது."

"உனக்குப் பக்தி அதிகம். எனக்குப் பத்தாவது மணியிலேயே தலை சாஞ்சிரும்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. அவள் கண் பிள்ளையின் நெஞ்சிலேயே இருந்தது. அது ஏறுகிறதா, இறங்குகிறதா.

"சாயங்காலம் நோயாளிகள் அறைக்கு வா" என்றார் மதர்.

*

அங்கே ஆறு கட்டில்கள். பகலெல்லாம் காவல் இருந்த சிஸ்டர் பிபியானா, ராக்காவலுக்கு வந்த மதரின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"முதல் கட்டில், காய்ச்சல் இறங்கிருச்சு. ரெண்டாவது, கஞ்சி குடிக்கலை."

மதர் திருப்பிச் சொன்னார். "முதல் கட்டில், காய்ச்சல் இறங்கிருச்சு. ரெண்டாவது, கஞ்சி குடிக்கலை. பெற்றுக்கொண்டேன்."

ஆறு கட்டிலும் இப்படியே. இது அந்த மடத்து வழக்கம். வாய்விட்டுச் சொல்லாதது எதுவும் கைமாறாது.

பிபியானா மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். தலைமுடி கலைந்திருந்தது.

"ஒண்ணு விட்டுப்போச்சு, மதர். அஞ்சாவது கட்டில் மருந்துக் குப்பியை நான்தான் கைதவறி உடைச்சேன். மிஞ்சின மருந்துல தண்ணி கலந்து சமாளிக்கலாம்னு நினைச்சேன். கலக்கலை. நினைச்சேன்."

"குப்பி உடைஞ்சது. உடைச்சது நீ. தண்ணி கலக்க நினைச்சே, கலக்கலை. பெற்றுக்கொண்டேன்."

"அவ்வளவுதான், மதர்."

"போ."

பக்கத்து அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் குறட்டை. விறகு அறுப்பதுபோல.

ஜெசிந்தா அந்தச் சுவரையே பார்த்தாள். "எப்படி மதர் இவங்களால முடியுது?"

மதர் ஒரு தொட்டிலைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"உன் முறை. சொல்லு."

"பிள்ளை" என்றாள் ஜெசிந்தா. "மூணு மணிக்கொருதரம் பசிக்கும். ஏப்பம் விட்டப்புறம்தான் கிடத்தணும். அழுதா முதுகைத் தடவணும்."

மதர் எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். 'பெற்றுக்கொண்டேன்' என்பதை மட்டும் சொல்லவில்லை.

"இன்னும்?"

"அவ்வளவுதான்."

மதர் காத்திருந்தார். நான்காவது கட்டிலில் யாரோ இருமி ஓய்ந்தார்கள்.

"பிள்ளை பிறந்து பதினோராவது நாள் ராத்திரி" என்றாள் ஜெசிந்தா.

"சொல்லு."

"படுத்துக்கிட்டே பால் கொடுத்தேன். அப்படியே தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா பிள்ளை என் கைக்கடியில. மூஞ்சி நீலமா இருந்தது. தூக்கினதும் அழுதான். யார்கிட்டயும் சொல்லலை. அவர்கிட்டகூட."

மதர் அவளைத் தேற்றவில்லை. தலையைத் தடவவும் இல்லை.

"பதினோராவது நாள் ராத்திரி, படுத்துக்கிட்டே பால் கொடுத்தே. தூங்கிட்டே. பிள்ளை உன் கைக்கடியில. மூஞ்சி நீலம். தூக்கினதும் அழுதான். யார்கிட்டயும் சொல்லலை. பெற்றுக்கொண்டேன்."

பிள்ளையை வாங்கித் தொட்டிலில் மல்லாத்திக் கிடத்தினார்.

சுவரோரம் விரித்திருந்த பாயைக் காட்டினார். ஜெசிந்தா படுத்தாள்.

"இப்போ தாடையைக் கொடு."

"எதை?"

"பல்லைக் கடிச்சு வச்சிருக்கியே. அதை."

ஜெசிந்தா தாடையைத் தளர்த்தினாள். இருபது நாளாக அது இறுகியிருந்தது அவளுக்கே தெரியாது.

"பெற்றுக்கொண்டேன். தோள்."

தோள் பாயைத் தொட்டது.

"பெற்றுக்கொண்டேன். வலது கை."

விரல்கள் விரிந்தன.

"இடது கை."

இது லேசில் வரவில்லை. பிள்ளையைத் தாங்குகிற கை. மதர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அதுவும் பாயில் கிடந்தது.

"வயிறு. உள்ள இழுத்துப் பிடிக்காதே, யாரும் உன்னைப் படம் எடுக்கலை."

வயிறு தளர்ந்தது.

"மூச்சு, மதர்?" அவளாகவே கேட்டாள். நாக்குக் குழறியது.

"இத்தனை வருஷமா அதை நீயா விட்டுக்கிட்டு இருந்தே?"

"இல்லை."

"அப்போ அதை எதுக்கு என்கிட்ட கொடுக்கிறே? முழங்கால்."

"ம்."

"பாதம்."

பதில் இல்லை.

*

ஈரம்தான் அவளை எழுப்பியது. ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து ஒட்டியிருந்தது. ஜன்னலில் வெளிச்சம்.

துள்ளி எழுந்தாள். மதர் அதே நாற்காலியில் இருந்தார். கண் சிவந்திருந்தது. மடியில் பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஜெசிந்தா வாங்கி மார்பில் போட்டாள். பிள்ளை இழுத்தது. புரையேறியது. மறுபடி இழுத்தது. கடைவாயில் வழிந்த பாலை அவள் விரலால் துடைத்தாள். வழிந்துகொண்டே இருந்தது.

"பாலாடையில ரெண்டுதரம் பால் புகட்டினேன்" என்றார் மதர். "மூணுதரம் துணி மாத்தினேன். ரெண்டு மணி வாக்கில நானும் கண் அசந்துட்டேன்."

ஜெசிந்தா நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஆண்டவருக்குத் தோத்திரம், மதர்" என்றாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "உங்களை யார் எழுப்பினது?"

"இவன்தான். என்ன தொண்டைடியம்மா. ஆறு கட்டிலும் எழும்பிருச்சு. பிபியானா ஓடி வந்தா. நாய்கூடக் குரைச்சது. நீ ஒருத்திதான் அசையவே இல்லை."