இதமா இருக்கு

தூத்துக்குடியில் ரெஜினா நடத்தும் பிசியோதெரபி நிலையத்தில் ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். ஒன்றில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். மற்றதில் குளிர்ந்த நீர். எந்தக் கருவியைத் தொடுவதற்கு முன்னாலும் நோயாளியின் கண்ணைத் துண்டால் மூடி, இரண்டையும் மாற்றி மாற்றித் தோலில் வைத்து, எது சூடு, எது குளிர் என்று கேட்க வேண்டும். நேற்று வந்தவரிடம் இன்றும் கேட்க வேண்டும். வாசல் வரைக்கும் கூட்டம் நின்றாலும் கேட்க வேண்டும்.

தங்கப்பழத்துக்கு இது வேலை மெனக்கெட்ட வேலையாகப் பட்டது.

அவர் ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை. ரெஜினாவைவிட ஐந்து வயது மூத்தவர். கோவில்பட்டியில் பதினைந்து வருடம் சொந்தமாக நிலையம் நடத்தியவர். போன வருடம் பிச்சைக்கனி என்கிற வயதான சர்க்கரை நோயாளியின் குதிகாலில், வலிக்குச் சூடு கொடுக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தார். மறுநாள் அந்த இடம் கொப்பளித்தது. கொப்புளம் புண்ணாகி, புண் ஆற ஆறு மாதம் ஆயிற்று. பெரியவர் இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார்.

தங்கப்பழம் நிலையத்தைப் பூட்டிவிட்டார். பிறகு எந்தக் கருவியையும் தொடவே இல்லை. தொழிலே வேண்டாம் என்று இருந்தவரை, "ஒரு மாசம் என்கூட இருந்து பாருங்க அண்ணாச்சி. பெறகு விடுறதா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க" என்று கூப்பிட்டு வைத்துக்கொண்டவர் ரெஜினா.

வந்தாரே தவிர, மனசுக்குள் ஒரு பொருமல் இருந்துகொண்டே இருந்தது. பெரியவரை அவர் ஒருதரம்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

அன்று காலை சண்முகக்கனி வந்தாள். உப்பளத்தில் முப்பது வருடம் நின்ற கால். கணுக்கால் வலி உயிரை வாங்குகிறது என்றாள். திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும் என்றாள்.

"சூடு, குளிர்ச்சி எல்லாம் கால்ல நல்லாத் தெரியுமாம்மா?" தங்கப்பழம் கேட்டார்.

"தெரியாம என்ன சார்? எல்லாம் தெரியும். நல்லா ஏத்தி வைங்க."

அவர் களிம்பை எடுத்தார்.

"குழாய்?" பின்னால் ரெஜினா நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டுட்டேன் மேடம். தெரியுதுன்னு சொல்லுதாங்க."

ரெஜினா பக்கத்திலிருந்த குழாய்களைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் தங்கப்பழத்தைச் சுட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"பிச்சைக்கனி அய்யாகிட்டயும் கேட்டேன் மேடம். ஒருதரம் இல்ல, மூணுதரம் கேட்டேன். இதமா இருக்கு, இதமா இருக்குன்னுதான் சொன்னாரு. பொய் சொல்லி என்னைக் கவுத்துட்டாரு. இதுல என் மேல என்ன தப்பு?"

ரெஜினா பக்கத்துக் கட்டிலைக் காட்டினார்.

"படுங்க அண்ணாச்சி."

"நானா?"

"நீங்கதான். செருப்பைக் கழட்டுங்க."

தங்கப்பழம் படுத்தார். கண் மேல் துண்டு விழுந்தது. குதிகாலில் களிம்பு சில்லென்று பட்டது. சுவரில் சுவிட்ச் போடும் சத்தம் டக்கென்று கேட்டது. கருவியின் தலை குதிகாலில் வட்டம் வட்டமாக ஊர்ந்தது. விதிப்படி ஓரிடத்தில் நிற்காமல் ஊர்ந்தது. அவருக்கு அதில் ஒரு திருப்தி.

"சூடு தெரியுதா அண்ணாச்சி?"

"லேசாத் தெரியுது மேடம்."

"கொஞ்சம் ஏத்தவா?"

"ஏத்துங்க."

"இப்போ?"

"ம். இப்போ நல்லாத் தெரியுது. உள்ள இறங்குது."

"இன்னும் ஏத்துனா தாங்குமா?"

"போதும் மேடம். இதமா இருக்கு."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. கருவியின் தலை நின்றது. துண்டை ரெஜினா எடுத்தார்.

தங்கப்பழம் எழுந்து உட்கார்ந்தார். கருவியின் ஒயர் சுருட்டிக் கட்டியபடி அவர் கால்மாட்டில் கிடந்தது. ப்ளக் கட்டில் விரிப்பின் மேல் இருந்தது. சுவரில் சுவிட்ச் மட்டும் போட்டிருந்தது. அதில் எதுவும் செருகவில்லை.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருடம் கரண்டோடு புழங்கிய மனுசன். கரண்ட் இல்லாத கருவியில் சூடு பார்த்திருக்கிறார். ஏற்றச் சொல்லியிருக்கிறார். போதும் என்றும் சொல்லியிருக்கிறார். குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். களிம்பு இன்னும் குளிர்ந்துதான் இருந்தது.

"தெரிஞ்சுதே மேடம். சத்தியமா எனக்குத் தெரிஞ்சுது."

ரெஜினா சண்முகக்கனியின் கட்டிலைப் பார்த்தார். அவ்வளவுதான்.

தங்கப்பழம் வெறுங்காலோடு அங்கே போனார். துண்டை எடுத்து அவள் கண்ணை மூடினார். முதலில் முழங்கையில் இரண்டு குழாய்களையும் வைத்தார். சூடு, குளிர் என்று டக் டக்கென்று சரியாகச் சொன்னாள். பிறகு கணுக்காலுக்கு வந்தார்.

வெந்நீர்க் குழாயை வைத்தார்.

"சூடு" என்றாள்.

குளிர்ந்த குழாயை வைத்தார்.

"சூடு."

மறுபடியும் குளிர்ந்ததையே வைத்தார். "சூடு சார்."

இரண்டு குழாயையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலைத் தொடாமலே கேட்டார். "இப்போம்மா?"

சண்முகக்கனி கொஞ்சம் யோசித்தாள். "இதுவும் சூடுதான்."

இன்னும் ஐந்து நிமிடத்தில் தங்கப்பழம் இந்தக் காலில், அவள் சொல்லச் சொல்லச் சூட்டை ஏற்றியிருப்பார். இன்னொரு பிச்சைக்கனியை உண்டாக்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பார். குழாய்களை ஸ்டாண்டில் வைத்தார்.

துண்டை எடுத்ததும் அவள் ஆசையாகக் கேட்டாள்.

"எல்லாம் சரியாச் சொல்லிட்டேன்லா சார்?"

"இன்னைக்குக் கருவி வேண்டாம்மா. வலி தெரிஞ்சாலும் சூடு, குளிர் தெரியாம உங்க கால் மரத்துப் போயிருக்கு. மொதல்ல சர்க்கரை பாக்கணும். கணுக்காலுக்கு நான் பயிற்சி சொல்லித் தாரேன். உப்புத் தண்ணியில இறங்கறதைப் பத்தி டாக்டர் சொல்லட்டும்."

"அப்போ திங்கக்கிழமை?"

"போக வேண்டாம்."

அவள் முகம் வாடிவிட்டது. மரத்த காலைப் பார்த்தாள். அதைத் தடவினாள்.

"காலு ஒண்ணும் சொல்லல சார். நீங்க இவ்வளவு அக்கறையா கேக்கீங்க. இல்லன்னு எப்படிச் சொல்றது? அதான் எதாவது சொல்லணுமேன்னு..."

தங்கப்பழம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார். சர்க்கரை சோதனைக்குச் சீட்டு எழுதினார். அவள் போகும்போது வாசல் வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தார்.

ரெஜினா அடுத்த நோயாளிக்காகப் பழைய வெந்நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அன்னைக்கு மூணுதரம் கேட்டேனே. மூணுதரமும் இதமா இருக்குன்னாரே, பிச்சைக்கனி அய்யா. அவரு என்கிட்ட பொய்தான சொன்னாரு?"

ரெஜினா வெந்நீர்க் குழாயைத் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தார். சரியாக இருந்தது. அதை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க இப்போ என்கிட்ட சொன்னது பொய்யா அண்ணாச்சி?"

தங்கப்பழம் அந்தக் குழாயோடு அடுத்த நோயாளியின் கட்டிலுக்குப் போனார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் பிச்சைக்கனி அய்யாவைப் பார்க்கக் கோவில்பட்டிக்குப் போனார்.