முடிவு தெரிந்த முன்கதை

வேம்பூரை ஆண்ட சிங்கமுகப் பூபதிக்குத் தோல்பாவைக்கூத்து என்றால் உயிர். அதிலும் செண்பகம் நடத்தும் விண்கப்பல் கதை இருக்கிறதே, அதைப் பார்க்க உட்கார்ந்தால் சாப்பாடு கூட மறந்துபோகும். பாயும் துடுப்பும் இல்லாமல் நட்சத்திரங்களுக்கு நடுவே ஓடும் கப்பல். அதன் தலைவன் வயதான ஒற்றைக் கண்ணன். ஒருநாளும் சிரிக்காதவன்.

ஒருநாள் சபையில் மன்னர் கேட்டார்: "அந்தக் கப்பல் தலைவன் வாலிபத்தில் எப்படி இருந்தான்? கண் எப்படிப் போயிற்று? ஏன் சிரிப்பதில்லை? ஏகாம்பரம், நீ அந்த முன்கதையை எழுது. செண்பகம் ஆட்டட்டும்."

ஏகாம்பரம் மன்னருக்கு நெருக்கமான விகடகவி. அவர் மேல் ராஜகவி விருத்தகிரிக்கு வெகுநாள் புகைச்சல். விருத்தகிரி எழுந்தார்.

"அரசே, அது சப்பென்று இருக்கும். தலைவன் கிழவனாகும் வரை வாழ்கிறான் என்று நமக்குத்தான் தெரியுமே. அவனை நெருப்பில் தள்ளினாலும் யாருக்குப் பயம் வரும்?"

மன்னர் யோசித்தார். "சரியாகத்தான் சொல்கிறீர்."

"அப்படியானால் ஒரு நிபந்தனை வையுங்கள்," என்றார் விருத்தகிரி. "ஆட்டம் முடிவதற்குள் உங்கள் நெஞ்சு ஒருமுறையாவது பதற வேண்டும். பதறாவிட்டால் செண்பகத்தின் கூட்டமும் ஏகாம்பரமும் ஊரைவிட்டுப் போகட்டும்."

மன்னருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. தலையாட்டிவிட்டார்.

செண்பகம் கலங்கிப்போய் ஏகாம்பரத்திடம் வந்தாள். "ஐயா, நான் புள்ளகுட்டிக்காரி. இப்படி மாட்டிவிட்டுட்டாங்களே."

"கவலைப்படாதே அம்மா. புதிதாக ஒரு பாவை வெட்டு. பெண் பாவை. பார்த்தால் பிடித்துப்போகிற முகமாக இருக்கட்டும்."

ஆட்டம் தொடங்கியது. திரையில் இளந்தலைவன் வந்தான். இரண்டு கண், வாய் நிறையச் சிரிப்பு. பின்னாலேயே கப்பலின் சமையல்காரி நீலி வந்தாள். ஸ்ருதியே சேராமல் பாடினாள். தலைவனையே அதட்டினாள். மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

விருத்தகிரி குனிந்து, "கவனித்தீர்களா அரசே? பழைய கதையில் கப்பல் மங்கிக் கிடந்தது. அதற்கும் முந்திய காலத்துக் கப்பல் இப்படிப் பளபளக்கிறதே," என்றார்.

"அப்போது அது புதுக் கப்பல் ஐயா," என்றார் ஏகாம்பரம்.

நீலி வடை சுட்டாள். விண்வெளியில் எதற்கும் கனம் இல்லை அல்லவா? எண்ணெய் உருண்டை உருண்டையாகப் பறந்தது. ஒரு துளி தலைவன் கண்ணில் விழுந்தது.

மன்னரின் முகம் சுருங்கியது. "வடை எண்ணெயா? நான் ஏதோ பெரிய போரில் போயிருக்கும் என்று நினைத்திருந்தேன்."

"நீங்கள் நினைத்ததுதான் அழகு," என்றார் ஏகாம்பரம். "கேட்டீர்கள், சொல்ல வேண்டியதாயிற்று. கப்பல் கதவுக்கும் கதை கேட்டிருந்தால் தச்சனைக் கூட்டி வந்திருப்பேன்."

விருத்தகிரி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அப்போது விண்கல் ஒன்று கப்பலில் மோதியது. பக்கவாட்டில் ஓட்டை. காற்றெல்லாம் வெளியேறுகிறது. தலைவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஓட்டையை அடைக்கக் கிளம்பினான்.

"இவனுக்கு ஒன்றும் ஆகாது," என்று கொட்டாவி விட்டார் விருத்தகிரி.

ஆனால் நீலி கயிற்றைப் பிடுங்கித் தன் இடுப்பில் கட்டினாள். "ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு நீ எங்க போற? நகரு."

அவள் வெளியே போனாள். ஓட்டையை அடைத்தாள். திரும்பும்போது கயிறு கப்பல் விளிம்பில் உரசி, இழை இழையாகப் பிரியத் தொடங்கியது.

மன்னர் ஆசனத்தின் நுனிக்கு வந்துவிட்டார். "இழுங்கள் அவளை. சீக்கிரம் இழுங்கள்."

"பயப்படாதீர்கள் அரசே, தலைவன் பிழைத்துவிடுவான்," என்றார் விருத்தகிரி.

"அவன் கிடக்கிறான். நீலியைப் பற்றிச் சொல்லும். பழைய கதையில் அவள் இல்லையே. என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது."

மன்னர் அப்படிச் சொன்ன பிறகுதான், நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று விருத்தகிரிக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

கயிறு அறுந்தது. நீலி பாடிக்கொண்டே சிறிதாகிச் சிறிதாகி ஒரு புள்ளியானாள். தலைவன் வெகுநேரம் ஜன்னலில் நின்றான். அவன் சிரிப்பு அங்கேயே நின்றுபோயிற்று.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இத்தனை நாள் அவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துவிட்டேன். பழைய கதையை நாளைக்கே மறுபடியும் பார்க்க வேண்டும்."

செண்பகத்துக்கு அரண்மனையிலேயே ஒரு கூத்துமண்டபம் கிடைத்தது. ஏகாம்பரத்துக்குப் பட்டுச் சால்வை.

"அடுத்தது என் முன்கதை," என்றார் மன்னர். "நான் பட்டத்துக்கு வருமுன் நடந்தது."

விருத்தகிரி மெதுவாக நெருங்கினார். "ஏகாம்பரம், அதில் எனக்கும் ஒரு வேஷம் கொடும். நீலிக்கு அழுத மாதிரி ஜனங்கள் எனக்காக அழ வேண்டும்."

"தாராளமாக எழுதுகிறேன் ஐயா," என்றார் ஏகாம்பரம். "ஆனால் அதற்கு நீங்கள் இப்போது இந்தச் சபையில் இருக்கக்கூடாதே. எப்போது கிளம்புகிறீர்கள்?"