ராணிக்கு முன்னால் நின்ற குதிரை

பாளையங்கோட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஞானதிரவியத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கும் பேச்சியம்மாளுக்கு இருபத்து நான்கு. அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களை அவர் கண்டுகொள்வதில்லை.

மாவட்ட அணிக்கான தேர்வுப் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பதினோரு வருடமாக அந்த அணிக்கு ஏங்கியவர் அவர். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் இடம் உறுதி. சாம்பார் சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆசிரியையிடம் ஓடி வந்தார்.

"டீச்சர், அஞ்சு ஆட்டம், அஞ்சும் ஜெயிச்சது ஒரே வழியிலதான். ஆரம்பத்துலயே பிஷப்பைக் கொண்டுபோய் எதிராளி குதிரையைக் குறிவச்சு நிறுத்துதேன். குதிரைக்குப் பின்னாடி ராணி. குதிரை நகர்ந்தா ராணி காலி. கட்டிப் போட்ட மாதிரிதான். இதை அவுக்க வழி இருக்கா?"

பேச்சியம்மாள் பலகையை விரித்தார். "எனக்கு நிறுத்துங்க, அண்ணாச்சி."

காய்கள் நகர்ந்தன. அவருடைய பிஷப் வந்து நின்றது. பேச்சியம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல் அந்தக் குதிரையையே எடுத்து ஒரு சிப்பாயை வெட்டினார். ஞானதிரவியம் பாய்ந்து ராணியைத் தூக்கினார்.

"ராணி போச்சே டீச்சர்."

"போகட்டும்."

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. பேச்சியம்மாள் காய்களை வாரிப் பையில் போட்டார்.

"மிச்சத்தைச் சொல்லலையே?"

"போங்க, கடிகாரத்தை ஓட விட்டுருவாங்க."

எதிரே ஒரு தபால்காரர். காலையிலிருந்து அண்ணாச்சியின் ஆட்டங்களைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர். அண்ணாச்சியின் வித்தையை அண்ணாச்சியிடமே காட்டினார். பிஷப் வந்து நின்றது. இந்த முறை மாட்டிக்கொண்டது அண்ணாச்சியின் குதிரை, பின்னால் அண்ணாச்சியின் ராணி.

அவருக்குக் குதிரையின் பக்கம் கையே போகவில்லை. இருபது நிமிடம் கரைந்தது. டீச்சர் ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை. ராணியை ஏன் கொடுத்தார்?

ராணி இல்லை என்றே வைத்துக்கொண்டு பலகையை மறுபடி பார்த்தார். அவருடைய பிஷப் எதிரி ராஜாவின் பக்கத்துச் சிப்பாயைக் குறிவைத்திருந்தது. இன்னொரு குதிரையும் எட்டுகிற தூரத்தில் இருந்தது.

டீச்சரைப் போலவே குதிரையை எடுத்து ஒரு சிப்பாயை வெட்டினார். தபால்காரர் சிரித்துக்கொண்டே ராணியை வெட்டினார். அண்ணாச்சியின் பிஷப் சிப்பாயை வெட்டிச் செக் வைத்தது. ராஜா ஒரு கட்டம் முன்னே வந்தது. இன்னொரு குதிரை பாய்ந்து மறுபடி செக் வைத்தது. ராஜாவுக்குப் போக இடமே இல்லை.

செருப்பைக்கூட மாட்டாமல், டீச்சர் காத்து நின்ற வாசலுக்கு ஓடினார்.

"அணியில இடம் கிடைச்சிட்டு டீச்சர். எனக்குக் கிடைச்சிட்டு."

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. பேச்சியம்மாள் சந்தோஷம் தாங்காமல் கை தட்டினார்.

"ஆனா அந்தத் தபால்காரரு என்னா பாடு படுத்திட்டாரு. முழுசா இருபது நிமிஷம் என் குதிரையைக் கட்டிப் போட்டுட்டாரு."

"குதிரை பாயத் தயாராத்தான் நின்னுது, அண்ணாச்சி. இருபது நிமிஷம் கட்டுண்டு கிடந்தது யாரு?"